பதினேழாம் நம்பர் சீட்டு

அங்காராவிலிருந்து சோரும் என்ற ஊருக்குப் போகும் பத்தரை மணிப் பேருந்தில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அதுவும் எனக்குக் கிடையாதாம்.

"பதினெட்டுல ஒரு பொம்பள உட்காருறாங்க. சொந்தக்காரங்களா இருந்தா ஒழிய, பக்கத்துல ஆம்பளைக்கு டிக்கெட் போட முடியாது ஐயா," என்றான் கவுன்டர்காரன்.

"என் தங்கச்சி செத்துட்டாடா! பிற்பகல் அஸர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம்!"

"வருத்தமாத்தான் இருக்கு. பெருநாள் கூட்டம், அடுத்த பஸ்ஸு சாயங்காலம்தான். விதி அப்படி."

விதியைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறான்! பன்னிரண்டு வருடம் முன்பு, இதே நிலையத்தில், என் தங்கை செஹெருக்குப் பக்கத்தில் ஒரு பட்டாளத்துப் பையனை உட்கார வைத்துவிட்டார்கள் என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்து, அவனை மூட்டையோடு கீழே இறக்கிவிட்டவன் நான். "பாவம்ணா, அவனும் வீட்டுக்குத்தானே போறான்," என்றாள் செஹெர். வாயை மூடு என்றேன். தன் வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பக்லாவா இனிப்புப் பெட்டியோடு பக்கத்தில் நின்றிருந்த பெண் திரும்பினாள். பதினெட்டாம் சீட்டு அவளுடையது.

"அவரு என் அண்ணன்தான். டிக்கெட்டைப் போடு தம்பி."

"அண்ணனா? குடும்பப் பேரு வேறயா இருக்கே?"

"கட்டிக் கொடுத்த பொண்ணுக்குப் புருஷன் வீட்டுப் பேருதானே இருக்கும்?"

"அப்புறம் ஏன் தனித்தனியா வந்தீங்க?"

"சண்டை. எங்க வீட்டுச் சண்டையையும் உன்கிட்ட ஒப்பிக்கணுமா?"

டிக்கெட் கைக்கு வந்தது.

வண்டியில் தேநீர் கொண்டுவந்த உதவியாளன் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அண்ணனுக்குச் சர்க்கரை வேணாம், உடம்புக்கு ஆகாது," என்றாள் அவள் சத்தமாக. சர்க்கரை இல்லாமல் எனக்குத் தேநீர் தொண்டையில் இறங்காது. முகத்தைச் சுளிக்காமல் குடித்தேன்.

அவன் போனதும், பட்டாளத்துப் பையன் கதையை அவளிடம் சொன்னேன். ஏன் சொன்னேனோ.

"அவன் எப்போ வீடு போய்ச் சேர்ந்தானாம்?" என்று கேட்டாள்.

தெரியாது. இத்தனை வருடத்தில் அதை ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை. அவன் வீட்டில் யார் காத்திருந்தார்களோ, அன்று ஊரில் என்ன விசேஷமோ. வெட்கமாக இருந்தது.

சோருமில் இறங்கினோம். உதவியாளன் வண்டிக்கு அந்தப் பக்கம் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்க்க யாருமில்லை, இனி பொய்க்கு வேலையும் இல்லை. நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"அட, ஓடுண்ணா! அவ காத்துக்கிட்டிருப்பா," என்றாள்.

இனி என்னை அண்ணா என்று கூப்பிட யாருமில்லை என்று காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தவன் நான். அழுதுகொண்டே ஓடினேன்.