இரண்டு விரல் இல்லாத அப்பா

டிசம்பர் இருபத்தேழாம் தேதி, கடை திறந்து ஒரு மணி நேரத்திற்குள் என் நாவலின் பதினோரு பிரதிகள் திரும்பி வந்துவிட்டன. கல்லாவுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்ததை நானே எண்ணினேன். கிறிஸ்துமஸுக்கு ஒரே புத்தகத்தை இரண்டு பேர் கொடுத்துவிட்டால், அட்டையில் ஒட்டிய மாற்றுச்சீட்டோடு வந்து வேறொன்றை எடுத்துப் போவது ஐஸ்லாந்து முழுக்க உள்ள வழக்கம்தான். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் இந்தச் சின்ன ஊரில், ஒரு மணி நேரத்தில் பதினொன்று என்றால் அதற்குப் பெயர் வழக்கம் இல்லை.

நான் கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். அம்மாவுக்கு இரண்டாக வந்த பறவைப் புத்தகம் ஒன்றை மாற்ற வேண்டும். நாளை நான் இப்போது வசிக்கும் ரெய்க்யவிக்குக்குப் பேருந்து ஏறிவிட்டால் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாவல் இரண்டு சிறுமிகளைப் பற்றியது. மீன்பிடி ஊரில் ஒன்றாக வளர்கிறார்கள். ஒருத்தியின் அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார். நவம்பரில் ஒரு பத்திரிகை இரண்டு நட்சத்திரம் போட்டது. ‘சிறுமிகளுக்கு உயிர் இருக்கிறது. அந்த அப்பாவைத்தான் நம்ப முடியவில்லை. இப்படிப் பாடிக்கொண்டே மீன் கழுவுகிற மனிதர் எப்படி பெல்ட்டைக் கழற்றுவார்?’ என்று கேட்டிருந்தான் விமர்சகன். அவனை ஒரு வாரம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு திட்டினேன்.

அந்த அப்பா ஒருவர் இல்லை, இரண்டு பேர். பாட்டு, மஞ்சள் வீடு, படகின் இயந்திரத்தில் இரண்டு விரல் போன இடது கை எல்லாம் என் தோழி ஹால்வெய்கின் அப்பா அஸ்பியோர்னுடையவை. குடியும் பெல்ட்டும் என் அப்பாவுடையவை. அப்பா செத்து ஒன்பது வருடம் ஆகிறது. அம்மா இன்னும் இதே ஊரில், அதே ஜன்னல் திரைகளோடு இருக்கிறாள். எழுதும்போது, கற்பனைதானே என்று சொல்லிக்கொண்டேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட பொய்களில் இது ரொம்பச் சௌகரியமான பொய்.

“ஓஹோ! எழுத்தாளரம்மாவே வரிசைல நிக்கறாங்களா? இந்த முக்காடெல்லாம் எதுக்குடி?”

திரும்பாமலே குரல் தெரிந்தது. ஹால்வெய்க். கையில் என் புத்தகம் நான்கு. பக்கத்தில் பதினான்கு வயது மகள் எய்டிஸ், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு படக்கதை அலமாரிப் பக்கம் போனாள்.

“நாலா?” என்றேன், அசடு வழிந்தபடி.

“நாலு பேரும் ‘இது உன் கதைடி’ன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. மீன் தொழிற்சாலைல ஒருத்தி என் தோளைத் தட்டி, ‘இவ்வளவு கஷ்டத்த மறைச்சு வச்சிருந்தியா’ன்னு கண்ணு கலங்கறா.”

“பழைய ஆளுங்களுக்குத் தெரியுமே, ஹால்வெய்க். யாரு வீட்டுல என்ன நடந்ததுன்னு...”

“பழைய ஆளுங்க எத்தன பேரு மிச்சம்? இங்க வா.” என் கையைப் பிடித்து வாழ்த்து அட்டைகள் தொங்கும் மூலைக்கு இழுத்துப் போனாள். குரலைத் தாழ்த்தினாள். “எய்டிஸ் இத ஒரே மூச்சுல படிச்சா. மறுநாள் கிறிஸ்துமஸ் மத்தியானம், புகை போட்ட ஆட்டுக்கறிய வெட்டிட்டிருக்கும்போது, எல்லார் முன்னாடியும் எங்கப்பாவக் கேட்டுட்டா. ‘தாத்தா, நீங்க அம்மாவ அடிச்சீங்களா?’ன்னு.”

“அவர் என்ன சொன்னாரு?”

“‘ஆமா கண்ணு, ஒரு காலத்துல’ன்னாரு.”

“என்னது?”

“நானும் அப்படித்தான் கத்தினேன். சமையலறைக்குக் கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். ‘அந்தப் பொண்ணால தன் அப்பனச் சொல்ல முடியல. அவங்கம்மா இங்கதானே நடமாடணும். என் பேர்ல இருந்துட்டுப் போகட்டும் விடு’ங்கறாரு.”

சின்ன வயதில், என் அப்பா வீட்டில் பொருள்களை உடைக்க ஆரம்பித்தால் நான் காலில் செருப்புகூட இல்லாமல் மஞ்சள் வீட்டுக்கு ஓடுவேன். அஸ்பியோர்ன் ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்குக் கம்பளிக் காலுறை எடுத்துக் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுக்குப் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தூங்கும்வரை பேசிக்கொண்டிருப்பார். நாவலில் இது எதுவும் இல்லை. இதை எழுதினால் உண்மை வெளியே வந்துவிடும் என்று வெட்டிவிட்டேன். வெட்கம் என்பது சின்னச் சொல். அந்த மூலையிலேயே தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

“எய்டிஸ்கிட்ட நீ உண்மையச் சொல்லலாமே?”

“சொல்லாம இருப்பேனா? நம்ப மாட்டேங்கறா. ‘தாத்தாவே ஒத்துக்கிட்டாரு, நீ மூடி மறைக்கற’ங்கறா. ஸ்கூல்ல அப்படித்தானாம் சொல்லித் தந்திருக்காங்க, அடி வாங்கினவங்க மறைப்பாங்கன்னு. நீ சொன்னாத்தான் நம்புவா.”

வரிசையைப் பார்த்தேன். அம்மாவோடு வியாழக்கிழமை சீட்டாடும் பெண்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரி ஸ்வாவாவுக்கு இரண்டு அலமாரி தள்ளிக் கிசுகிசுத்தாலும் கேட்கும். நான் இங்கே வாயைத் திறந்தால், மத்தியானக் காபிக்குள் அம்மா காதுக்குப் போய்விடும்.

“ஊருக்குப் போயி அவளுக்கு ஒரு கடிதம் எழுதறேன்” என்றேன். “விவரமா எழுதறேன்.”

ஹால்வெய்க் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ எழுதினதெல்லாம் போதும்டி.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னாள். நான் படக்கதை அலமாரியிடம் போனேன்.

“எய்டிஸ், அந்தக் குடிகார அப்பா உங்க தாத்தா இல்ல. எங்கப்பா.”

அவள் நிமிரவில்லை. “அம்மா சொல்லச் சொன்னாங்களா?”

“ஆமா, சொல்லச் சொன்னா. ஆனா நடந்தது எனக்குத்தான். அடி வாங்கினவ நான்.” குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. வரிசையில் பேச்சு நின்றது. கழுத்துத் துணியைக் கீழே இறக்கி, சட்டைக் காலரைக் கொஞ்சம் விலக்கி, பெல்ட் கொக்கி கிழித்த தழும்பைக் காட்டினேன். இதை என் கணவரைத் தவிர யாருக்கும் காட்டியதில்லை. “உங்க தாத்தா யாரையும் அடிச்சதில்ல. என்னைக் காப்பாத்தினவரு அவரு.”

சீட்டாடும் பெண்களில் ஒருத்தி கையுறையை மாட்டிக்கொண்டு அவசரமாக வெளியே போனாள். போகட்டும்.

எய்டிஸ் தழும்பையே பார்த்தாள். “அப்ப ஏன் தாத்தாவப் போட்டீங்க?”

“எங்கப்பான்னு எழுத வெட்கமா இருந்தது.”

“தாத்தாவ எழுத வெட்கமா இல்லையா?”

இல்லை என்பதுதான் உண்மை. எழுதிய இரண்டு வருடமும் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அவர் எதையும் தாங்கிக்கொள்வார் என்று எனக்குப் பழகிப்போயிருந்தது.

“இல்ல” என்றேன். “இப்பதான் இருக்கு.”

அவள் கையிலிருந்த படக்கதையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னிடமே நீட்டினாள்.

“நேத்து தாத்தா வீட்டுக்கு வந்தாரு” என்றாள். “‘உங்க மூஞ்சியப் பார்க்கவே பிடிக்கல, போங்க’ன்னேன். ‘சரி கண்ணு’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.”