அடைப்புக்குறி

தேனிக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் முத்துலட்சுமி இயற்பியல் நடத்தினாள். அன்று தன் கால்குலேட்டரை வீட்டிலேயே மறந்துவிட்டாள். இருபடிச் சமன்பாட்டின் எண்களைக் கொடுத்தால் விடையைத் தானே சொல்லிவிடும் ரகம் அது. முன்பெஞ்சில் வாங்கிய சாதாரண கால்குலேட்டரில் அந்த வசதி இல்லை. சூத்திரத்தை முழுசாகத் தட்ட வேண்டியிருந்தது.

மேலே எறிந்த பந்து 9.8 மீட்டர் உயரத்தை எப்போது தொடும் என்பது கணக்கு. 4.9t² − 14.7t + 9.8 = 0 என்று போர்டில் எழுதிவிட்டுத் தட்டினாள். 'மேத் எர்ரர்' என்று வந்தது.

"அவ்வளவு உயரம் பந்து போகாது," என்றாள்.

ஜோதிகா எழுந்தாள். "போகும் மேடம். ஏறையில ஒரு செகண்ட்ல, இறங்கையில ரெண்டாவது செகண்ட்ல."

அவள் நோட்டில் விடை மட்டும்தான் இருந்தது.

"போன்ல பாத்தியா?"

"இல்ல மேடம், மனசுலயே போட்டேன்."

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முத்துலட்சுமிக்குச் சுருக்கென்றது. வகுப்பில் போன் பார்த்ததாகச் சொல்லி ஜோதிகாவை ஆபீசுக்கு அனுப்பிவிட்டாள்.

மதியம் சாப்பாட்டைத் திறக்காமல் கணக்கைக் கையால் போட்டாள். ஒன்று, இரண்டு என்றே வந்தது. அதே கால்குலேட்டரில் −14.7ஐ அடைப்புக்குறி இல்லாமல் வர்க்கப்படுத்திப் பார்த்தாள். −216.09 என்று வந்தது. வகுப்பில் தட்டியதும் இப்படித்தான். அடைப்புக்குறிக்குள் போட்டதும் கழித்தல் குறி போய்விட்டது. பத்து வருஷமாக மெஷின் சொன்னதை எழுதிப்போட்டே நடத்தியிருக்கிறோம் என்று நினைத்தபோது காது மடல் சுட்டது.

ஆபீசுக்கு ஓடினாள். அதற்குள் வீட்டுக்குப் போன் போட்டிருந்தார்கள். கடமலைக்குண்டிலிருந்து பஸ் பிடித்து வந்த ஜோதிகாவின் அப்பா பிச்சைமணி, இவளைக் கண்டதும் கைகூப்பினார்.

"எம்புள்ள செஞ்சது தப்புதேன் டீச்சர். அவளப் போன்லயே திட்டி வஞ்சுபுட்டேன். இந்த ஒருவாட்டி மன்னிச்சுருங்க."

"அவ விடைதான் சரி. நான்தான் தப்பாத் தட்டிட்டேன். அவ போன் எதுவும் பாக்கல," என்றாள் முத்துலட்சுமி. ஆபீசில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பிச்சைமணிக்கு உடனே பிடிபடவில்லை. கூப்பிய கையை இறக்காமலே மகள் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீ பொய் சொல்லலையாத்தா?"

ஜோதிகா தலையை மட்டும் ஆட்டினாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

"வகுப்புலயும் வந்து சொல்றேன்," என்றாள் முத்துலட்சுமி.