ரேடியேட்டரில் ஒரு பொட்டு

1

ஒரு சத்தம் நின்றுபோனதால்தான் இந்தக் கதை தொடங்கியது. நான்கு மாதமாக இரைந்துகொண்டிருந்த என் கணினி சனிக்கிழமை காலை வாயே திறக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது.

[முதலில் எழுதிய தொடக்கம்: "இரத்தோட்டை மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு..." வேண்டாம். அன்று பனி இறங்கியதா என்று நான் பார்க்கவே இல்லை.]

நான் ஷெரோமி. வீட்டிலிருந்தே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறேன். மிஞ்சிய நேரத்தில் கதை. என்னுடையது தண்ணீரால் குளிரும் கணினி. உள்ளே இருக்கும் சூட்டைத் தண்ணீர் சுமந்துபோய் மெல்லிய தகடுகளாலான ரேடியேட்டரில் விடும், விசிறி அதை ஆற்றும். தகடுகளுக்கிடையே தூசி அடைத்தால் விசிறி கத்தும். எங்கள் வாசலில் செம்மண் ரோடு, பக்கத்து முற்றத்தில் மிளகு காய்கிறது. தூசிக்கா பஞ்சம்?

பக்க மூடியைக் கழற்றினேன். ரேடியேட்டரில் தூசியே இல்லை.

2

யாரோ துடைத்திருக்கிறார்கள். அதனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாத்தளைக்குப் போகும் அவசரத்தில் கணினியை அணைக்காமல் போய்விட்டேன். திரையில் ஒரு கதை திறந்தபடி கிடந்தது. அதில் ஒருத்தி, புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர ஆறேகால் பஸ்ஸில் ஏறிவிடுகிறாள்.

(கண்டி ஸ்டூடியோ ஒன்று என்னைக் கூப்பிட்டிருப்பது உண்மை. திங்கட்கிழமை காலை நேரில் வந்து சேர வேண்டும். வீட்டில் சொல்லவில்லை. கதை வெறும் கதைதான் என்றால் நம்புவீர்களா? நானே நம்பமாட்டேன்.)

துடைத்தவர் திரையையும் பார்த்திருப்பார். கணினியைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த மாத்தளைக் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஷிஃபான் தம்பி, நேத்து நீங்க எங்க வீட்டுக்கு வந்தீங்களா?"

"இல்லக்கா. ஏன், சூடாகுதா?"

"சூடாகல. அதான் பிரச்சினை."

"அக்கா, நீங்க நல்லா இருக்கீங்கதானே?" என்றார்.

3

நிமலனைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. [பொய். முதல் சந்தேகமே அவர்மேல்தான்.]

நிமலன் என் கணவர். ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். கோபம் வந்தால் கத்தமாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். போன வருடம் வேலைக்குப் போகவா என்று கேட்டதற்கு ஒன்பது நாள் பேசவில்லை. இப்படிப்பட்டவரைக் கதாபாத்திரமாக்குவது பெரும் பாடு. வசனமே எழுத முடியாது.

டோர்ச் அடித்து மறுபடி பார்த்தேன். ரேடியேட்டரின் கீழ் ஓரத்தில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். நான் கோயில் என்றால் மாதா கோயிலுக்குப் போகிறவள், பொட்டு வைப்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் வேனைக் கழுவி, ரேடியேட்டரைத் துடைத்து, பொட்டு வைக்கிற ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நேராக நிமலனிடம் போனேன்.

"என்னங்க, கொம்பியூட்டரத் தொறந்தீங்களா?"

"ரேடியேட்டர் அடைச்சிருக்குன்னு நீதானே சொன்ன? பிரஷ் போட்டு, சைக்கிள் பம்புல காத்தடிச்சேன். தண்ணி பாக்கலாம்னு மூடியத் தேடுனேன். மூடியே இல்லாம அது என்ன ரேடியேட்டர்?"

நான் 'விசிறி' என்று சொல்லியிருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். 'ரேடியேட்டர்' என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

"ஸ்க்ரீன்ல என்னமும் இருந்திச்சா?"

"நிப்பாட்டிட்டுத்தான் தொறந்தேன்."

நான் கேட்ட கேள்விக்கு இது பதிலில்லை. கவனித்தீர்களா?

4

முடிவு அ: அவர் எதையும் வாசிக்கவில்லை. அவள் நிம்மதியாக பஸ் ஏறுகிறாள்.

முடிவு ஆ: வாசித்துவிட்டார். ஆத்திரத்தில் கணினியைத் தூக்கி... [வாசித்து ஆத்திரப்பட்டவர் எதற்காகப் பொட்டு வைக்கிறார்?]

இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அணைத்துவிட்டுத் திறந்தேன் என்கிறார். அப்படியானால், வாசித்திருந்தால், துடைப்பதற்கு முன்பே வாசித்திருக்க வேண்டும். பெண்டாட்டி விட்டுப்போகிற கதையை வாசித்து முடித்துவிட்டு, அதை எழுதிய மெஷின் சூடாகக் கூடாதென்று ஒரு மனுஷன் தகடு தகடாகத் துடைப்பாரா?

நம்ப முடியவில்லை. நம்ப ஆசையாக இருந்தது. அதனாலேயே இன்னும் சந்தேகமாக இருந்தது.

முடிவு இ: அவள்

5

இன்று திங்கட்கிழமை. ஆறு மணிக்கு அவர் வேன் சாவியை எடுத்தார். வெளியே மழை. கதவருகே நின்று, செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஆறேகால் பஸ் இப்ப ஓடுறதில்ல. ஆறரைக்கு மாத்தி ரெண்டு மாசமாச்சு. முன்னுக்கே போய் நின்னா சும்மா நனையணும்."

நான் எந்த பஸ்ஸைப் பற்றியும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

தன் குடையைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு நனைந்துகொண்டே வேனுக்கு நடந்தார். எனக்கு அழுகை வந்தது. அதை மறைத்து எழுதத் தெரியவில்லை.

கதையில் ஆறேகாலை ஆறரை என்று திருத்திவிட்டேன். இப்போது மணி ஆறு பத்து. கணினி சத்தமில்லாமல் ஓடுவதால் மழை நன்றாகக் கேட்கிறது. கடைசி வரியை இவ்வளவுதான் எழுத முடிந்தது: "அவள் அவருடைய குடையை எடுத்துக்கொண்டு"

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். இருபது நிமிடம் இருக்கிறது.