இந்த மாதம் இரண்டு தடவை

எங்கள் வீட்டில் பெண்ணுக்கு ஓய்வு என்பது மாதத்தில் மூன்று நாள். வீட்டுக்குத் தூரமானால் அடுப்படிக்குப் போகக்கூடாது, சாமியறைப் பக்கம் வரக்கூடாது. பின்னறையில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு கம்பளி. படித்த பெண்கள் கேட்டால் திட்டுவார்கள். திட்டட்டும். வந்து பத்துப் பேருக்கு மூன்று வேளை சமைத்துவிட்டுத் திட்டட்டும்.

பத்துப் பேர் என்று சும்மா சொல்லவில்லை. கொட்டகலையில் ஒரு கடைக்கு மேலேதான் எங்கள் வீடு. நாங்கள் ஐந்து பேர். கொத்மலையில் மண்சரிவில் வீடு போனதும் கொழுந்தனார் குடும்பம் ஐந்து பேரும் இங்கே வந்துவிட்டார்கள். பாவம்தான். ஆனால் ஏழு மாதமாக நானும்தான் பாவம். அது யார் கண்ணிலும் படவில்லை.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. மாதவிலக்கு நின்று ஐந்து மாதமாகிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மாதாமாதம் நாள் பார்த்து, "அத்தை, நான் தூரம்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் பின்னறையில் போய்ப் படுத்துவிடுவேன். அந்த மூன்று நாளும் அடுப்பு எப்படியோ எரியத்தான் செய்தது.

இந்த மாதம் பேராசைப்பட்டுவிட்டேன். எழுந்து வந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. இடியப்பத்துக்கு மாவு பிசையும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாவை அப்படியே போட்டுவிட்டு, "தூரம்" என்றேன்.

அத்தை பயந்துவிட்டார். மகனைக் கூப்பிட்டார். "மாசத்துல ரெண்டு தடவையா? இது நல்லதுக்கில்ல விஜிதரா. நாளைக்கே இவள டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

மறுநாள் ஹட்டனில் டொக்டரம்மா கேட்டார்: "கடைசியா எப்ப வந்துச்சு?"

கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இல்லாத நோய்க்கு மருந்தையும் விழுங்க முடியுமா?

"அஞ்சு மாசத்துக்கு முந்தி," என்றேன்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார். "அப்ப இத்தன நாளும் பொய்யா யோகேஸ்வரி? முடியலன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேங்க. உங்க தம்பி குடும்பம் வந்த வாரமே சொன்னேன். தல சுத்துதுன்னு சொன்னேன், தூக்கமே இல்லன்னு சொன்னேன். 'சரி சரி, ஒரு பிளேன்டீ போடு'ன்னீங்க."

அவர் பஸ் வருகிறதா என்று பார்த்தார். பிறகு, "சரி, அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். தூரம் இல்லன்னுதான் ஆயிருச்சே. ராத்திரிச் சமையல நீயே பாத்துக்க," என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகவே சொன்னேன்:

"சமைக்க மாட்டேன். எனக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு."