துண்டுக்கடியில் எண்பத்து நாலு

எண்பத்து நாலாம் வருஷத்து பாப், ராக் பாட்டுகளை வரிசைப்படுத்தும் வேலை இந்த முறை விருதுநகர் மிளகாய் வத்தல் மண்டியில் நடந்தது. வழக்கமாக அது நடக்கும் கல்யாண மண்டபம், தனக்குப் பெண் பார்க்க சாத்தூர் போயிருந்தது.

மொத்தம் பத்து இடம். அவரவர் தமக்குப் பிடித்த பாட்டுக்கு வந்து பேரம் பேசலாம். இடம் கிடைத்த பாட்டு ஊரில் இருக்கலாம். கிடைக்காத பாட்டு சாயங்கால பஸ்ஸில் ஏறிவிட வேண்டும். அதை முணுமுணுக்கிறவர்களும் கூடவே ஏற வேண்டும். எண்பத்து மூன்றுக்கு வரிசை போட்டபோது மாவு மில் துரைராஜ் அப்படித்தான் போனார். மில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவிட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வத்தல் வியாபாரி சௌந்தரபாண்டிக்குத் தேவை ஒரே ஒரு பாட்டு. அவர் மனைவி புஷ்பகனி தோசை ஊற்றும்போது முணுமுணுக்கும் இங்கிலீஷ் பாட்டு. அவளுக்குத் தெரிந்தது ஒன்றரை வரி. அதிலும் வார்த்தை கிடையாது. பாட்டு போனால் அவள் போவாள். பத்தாவது இடமாவது வாங்காமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவுகட்டி, புதுத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பாட்டுகள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தன. கைதட்டலில் தொடங்கும் பாட்டு தனக்குத்தானே தட்டிக்கொண்டிருந்தது. தலைமுடியைக் கோபுரமாகச் சீவியிருந்த ராக் பாட்டு ஒன்று வத்தல் நெடியில் தும்மியது. தும்மலிலும் தாளம் தப்பவில்லை. புஷ்பகனியின் பாட்டு கடைசி மூட்டையில், கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் கூப்பிடக் காத்திருப்பதைப்போல் இருந்தது.

இடம் கொடுப்பவர் தரகர் கூடலிங்கம். முறை மண்டியின் முறைதான். துண்டால் கைகளை மூடிக்கொள்ள வேண்டும். அடியில் விரலைப் பிடித்து எத்தனையாவது இடம் என்று சொல்ல வேண்டும். வாய் அதன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கலாம். இரண்டு பேரும் கையை விட்டால் பேரம் முடிந்தது. ஒருவர் பிடித்திருந்தாலும் சரக்கு ஊரைத் தாண்டக்கூடாது.

"வாங்க அண்ணாச்சி. எதுக்கு?"

"அந்தா, கடைசியில ஒன்னு ஒக்காந்திருக்கே."

சௌந்தரபாண்டி ஒரு விரலைப் பிடித்தார். முதலிடம் காலையிலேயே போய்விட்டது. ஆனாலும் பத்தாவது வேண்டுமென்றால் முதலாவதில்தான் தொடங்க வேண்டும். கூடலிங்கம் அவர் கையை முழுதாக இரண்டு முறை பற்றினார்.

பத்தாவது.

கேட்க வந்தது அதுதான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே கொடுத்தால் எந்த வியாபாரி வாங்குவான்?

"சரக்கு சுமார்தான் தரகரே," என்றது சௌந்தரபாண்டியின் வாய். கை விரும்பும் சரக்கை வாய் குறை சொல்வது கடை திறந்த நாளிலிருந்து உள்ள பழக்கம். "நடுவுல கிடார் ஈரமா இருக்கு."

கடைசி மூட்டையில் பாட்டு தலையைத் தூக்கிப் பார்த்தது.

"ஈரமா இருக்கா?" என்றார் கூடலிங்கம்.

"பாதிக்கு மேல தூசி. ஏதோ வீட்டுச் செலவுக்கு ஆகும்னு பாத்தேன்."

கூடலிங்கத்தின் பிடி மாறியது. பதினொன்று.

"பதினொன்னுன்னு ஒரு எடமே கிடையாதே."

"அதத்தான் நானும் சொல்றேன் அண்ணாச்சி."

சௌந்தரபாண்டி விலையை இறக்குகிற ஆள். இங்கே இறங்கியது பாட்டு. அவர் ஒரு குறை சொல்லச் சொல்ல மண்டி ஒரு மூட்டை நீளத்துக்கு நீண்டது. பாட்டு அந்த அளவு தள்ளிப் போயிற்று. எண்ணுவதற்கு விரல் போதாமல் கூடலிங்கம் முழங்கை வரைக்கும் ஏறினார். முப்பத்தேழு.

புகழ வேண்டும். அது அவருக்குப் புரிந்துவிட்டது. 'நல்ல பாட்டு' என்று சொல்ல வாயைத் திறந்தார். "ந" வரைக்கும் வந்தது.

"நாளைக்கு இன்னும் விலை இறங்கும்," என்றது வாய்.

பாட்டு கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. புஷ்பகனி ஒரு கையில் பையும் ஒரு கையில் தோசைக் கரண்டியுமாக வந்தாள்.

"ஏங்க, மாவு ஆட்டி வச்சிருக்கேன். உப்பு போடல. போட்டுக்குங்க."

"எங்க போற?"

"அது போற எடத்துக்கு. அதப் பத்தி என்ன சொன்னீங்க? அதோட மொகமே சரியில்ல."

"சுமார்னேன்."

"என்னயப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இதத்தான் சொன்னீங்க. பலகாரம் தீந்தும் எந்திரிக்கல. எங்கப்பா லைட்ட அணைச்சுப் பாத்தாரு. அப்பவும் எந்திரிக்கல."

அவள் பாட்டின் பின்னால் பஸ்ஸுக்கு நடந்தாள்.

கூடலிங்கம் கையை விட்டார். சௌந்தரபாண்டி விடவில்லை.

"விடுங்க அண்ணாச்சி. முடிஞ்சது."

"எங்க முடிஞ்சது? பேசிக்கிட்டுல்ல இருக்கோம்."

பஸ் படியில் ஒரு காலை வைத்த பாட்டு அப்படியே நின்றது. மறு கால் மேலே வரவில்லை. கண்டக்டர் மண்டிக்குள் எட்டிப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். வியாபாரம் தெரிந்த ஊர்க்காரர். ஒன்றும் கேட்காமல் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. பாட்டும் புஷ்பகனியும் தூசிக்குள் நின்றார்கள்.

"எம்புட்டு நேரம் பிடிப்பீங்க?" என்றார் கூடலிங்கம்.

"சரக்கு திருப்தியா இல்ல. யோசிக்கணும்."

கூடலிங்கமும் சளைத்தவரில்லை. அவருடைய ஒரு தோள் தாழ்ந்தது, மறு தோள் உயர்ந்தது. கழுத்தில் தராசு முள் முளைத்தது. மறுநாள் மண்டிக்காரர்கள் அவருடைய காலியான கையில் சங்கிலி கட்டி வத்தல் நிறுத்தார்கள். எடை சரியாக இருந்தது. துண்டுக்கடியில் இருந்த கை மட்டும் கையாகவே இருந்தது. சௌந்தரபாண்டி அதைப் பிடித்திருந்தார்.

புஷ்பகனி மண்டியிலேயே அடுப்பு வைத்தாள். கணவருக்கு வலது கை ஒழியாததால் தோசையைப் பிய்த்து அவளே ஊட்டினாள். ஊட்டும்போது ஒன்றரை வரியை முணுமுணுத்தாள். பாட்டு மூட்டைக்கு மூட்டை மாறி, அவர்கள் பக்கத்து மூட்டைக்கு வந்து உட்கார்ந்தது. விட்டுப்போன அரை வரியை மெதுவாக கிடாரில் எடுத்துக் கொடுத்தது.

புஷ்பகனி கரண்டியை நிறுத்திக் கேட்டாள்.

"எப்படிங்க இருக்கு?"

சௌந்தரபாண்டி வாயிலிருந்த தோசையை மென்று விழுங்கினார்.

"சுமார்தான்," என்றார். துண்டுக்கடியில் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.