பின் சீட்டில் ஒரு கணவர்

தபால்காரர் பாதி மீசையோடு வந்து வாசலில் நின்றபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

"உங்க வீட்டுக்காரர் ஒரு பக்கம் எடுத்துட்டு, நின்ன வாக்கிலேயே தூங்கிட்டாரும்மா. எழுப்பினா, மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்ங்கறார்!"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. கத்தி பட்டதே தெரியாது என்று பேரெடுத்த சலூன்காரர் அவர். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த வலி மாத்திரை, வலி குறைந்த பிறகும் அவரை விடவில்லை. ஒரே மருந்துச்சீட்டைக் கடை கடையாகக் காட்டி வாங்கி விழுங்கியிருக்கிறார். "முதுகுதான் படுத்துது" என்று அவர் சொன்னதையெல்லாம் இவளும் நம்பியிருக்கிறாள்.

டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். "சட்டுனு நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். மாத்திரை உங்க கையில இருக்கட்டும். அவரைத் தனியா விடாதீங்க."

தனியாக விடாமல் என்ன செய்வது? அவளோ கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பகலெல்லாம் தெருவில்தான் பிழைப்பு. யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு தலையணை, ஒரு துண்டு, ஒரு வாளியோடு அவரைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டுக்கொண்டாள்.

"இவரு யாரு?" என்று கேட்டார், அன்று கற்றுக்கொள்ள வந்த கணக்கு டீச்சர்.

"என் வீட்டுக்காரர். மாத்திரைப் பழக்கத்தை விட்டுட்டு இருக்கார். கண்டுக்காதீங்க."

"ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்கறியா?" என்று பின்னாலிருந்து முனகல்.

"அதான் தபால்காரரோட பாதி மீசையே தம்பட்டம் அடிச்சாச்சே!"

மாத்திரை குறையக் குறைய அவருக்கு மூக்கு ஒழுகியது, வியர்த்துக் கொட்டியது, கால்கள் துள்ளின. கொட்டாவிக்கு மேல் கொட்டாவி. கண்ணாடியில் அதைப் பார்த்து டீச்சரும் கொட்டாவி விட, கார் நடைபாதையில் ஏறி இறங்கியது.

"இந்தம்மா ஓட்டறதுக்கு எனக்கு இன்னொரு முதுகு வேணும்!" என்று பின் சீட்டிலிருந்து அலறினார்.

"ஒண்ணே ஒண்ணு குடுடி. உன் தலை மேல சத்தியமா, இதோட சரி" என்றும் கெஞ்சினார்.

"என் தலையை விட்டுடுங்க. அதுக்குச் சாயம் அடிக்கறேன்னு சொல்லியே வருஷமாச்சு."

ஒரு மதியம், டீச்சர் பின்னோக்கி ஓட்டப் பழகிக்கொண்டிருந்தபோது, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி சலூன்காரர் இறங்கிப் போனார். இவளும் கவனப்பிசகாக விட்டுவிட்டாள். திரும்பி வந்தவர் சாந்த சொரூபியாக உட்கார்ந்தார். டீச்சர் வண்டியை இரண்டு தரம் நின்றுபோக விட்டு, ஒரு குப்பைத்தொட்டியையும் சாய்த்தார்.

"பிரமாதமா ஓட்டறீங்க டீச்சர்!" என்றார் பின் சீட்டுக்காரர்.

அவளுக்குப் பொறி தட்டியது. கற்றுக்கொடுக்கிறவளுக்கென்று தன் பக்கம் இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தாள். தெளிந்த புத்தியோடு இருக்கிற எவனும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டான்.

"எத்தனை போட்டீங்க?"

"ரெண்டு" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

கதவை அறைந்து சாத்திவிட்டுத் தெருவோரம் போய் நின்றாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் கண்ணீராகக் கொட்டியது. அவரும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். காலுறைக்குள் கைவிட்டு, மிச்ச மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

"நாளைக்கும் வாங்கிடுவேனோன்னு எனக்கே பயமா இருக்கு. எல்லாக் கடைக்காரங்ககிட்டயும் நீ சொல்லிடேன்."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

முதலில் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்கள். பிறகு, அன்றைய பாடமே அதுதான் என்று டீச்சர் முடிவு செய்துவிட்டார். ஊரிலுள்ள மருந்துக்கடைகளுக்கெல்லாம் அவரே ஓட்டினார். ஒவ்வொரு கடை வாசலிலும் வண்டி குலுங்கி நின்றது. ஒவ்வொரு முறையும் சலூன்காரர் இறங்கிப்போய், "இனிமே எனக்கு இந்த மாத்திரை குடுக்காதீங்க. நானே வந்து கால்ல விழுந்தாலும் குடுக்காதீங்க" என்றார். முதல் கடையில் கடைக்காரருக்கே கேட்காதபடி சொன்னார். கடைசிக் கடையில் உபதேசமே செய்ய ஆரம்பித்துவிட்டார். அவள்தான் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அதற்குப் பிறகும் மாதங்கள் ஆயின. மாத்திரை பாதியாகி, காலாகி, ஒரு நாள் இல்லாமலே போயிற்று. அவர் மறுபடி சலூனைத் திறந்தார். முதுகு மட்டும் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. சாயங்காலம் வந்து தரையில் மல்லாக்கப் படுத்துக்கொள்கிறார். முதுகுக்கடியில் வெந்நீர்ப் பையைச் சொருகிவிட்டு அவளும் பக்கத்தில் படுக்கிறாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"ஆமா."

"என்ன செய்யலாம்?"

"யாரையாவது திட்டலாம்."

யாரை முதலில் திட்டுவது என்பதில்தான் தினமும் சண்டை.