கதவோரம் நின்றவன்

"வெளிச்சத்தம். நீக்கலாம்" என்று படிவத்தில் எழுதிவிட்டு அடுத்த இசைத்தட்டை எடுத்தேன். நூலகத்தின் கீழ்த்தளத்தில் எனக்கு அதுதான் வேலை. யாரோ ஒரு பணக்காரர் செத்துப்போய், இடத்தை அடைக்கிறதென்று அவர் பிள்ளைகள் தள்ளிவிட்ட நாலு பெட்டி ஜாஸ் தட்டுகள். தூசி துடைத்து, ஓடவிட்டு, கணினியில் ஏற்றி, எதையெல்லாம் வெட்டலாம் என்று குறித்துத் தர வேண்டும். வெட்டுவது ஒலிப்பதிவுக்காரர்.

ஜாஸ் என்றாலே எனக்கு எரிச்சல். கல்லூரி விடுதியில் அதைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டுப் பிள்ளைகள். "நீ கேட்டதே இல்லியா?" என்று அவர்கள் இழுத்த இழுப்புக்காகவே கேட்காமல் இருந்தேன். இப்போது சம்பளத்துக்குக் கேட்கிறேன். இரண்டாவது வாரமே கால் என்னைக் கேட்காமல் தாளம் போட்டது. நூறு வருஷத்து இரைச்சலுக்குள் ஐந்தாறு பேர், ஒருத்தர் பேச்சில் இன்னொருத்தர் விழுந்து, யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்து எங்கள் வீடு மாதிரி. முன்பிருந்த எங்கள் வீடு.

ஒலிப்பதிவுக்காரர் படிவத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, இது என்ன வெளிச்சத்தம்?"

"தூரத்துல ஒரு ட்ரம்பெட் கேக்குது சார். பக்கத்து ரூம்ல எவனோ ஊதியிருக்கான்."

"பக்கத்து ரூம் இல்ல, அதே ரூம்தான். அப்ப மைக் கிடையாது. பெரிய புனல் ஒண்ணு இருக்கும், அதுக்கு முன்னாடி நின்னு வாசிக்கணும். சத்தம் கம்மியானவன் கிட்ட, ஜாஸ்தியானவன் தள்ளி. இவன் கிட்ட வந்தா தட்டுல கோடு கீறுற ஊசி எகிறிடும். அதான் கதவோரமா நிக்க வச்சிருப்பாங்க. அந்தக் கூட்டத்துலயே பெரிய மூச்சு இவனோடதும்மா. அவனப் போய் வெட்டச் சொல்றியே."

அவர் போனபிறகு ஹெட்போனை மாட்டி அந்தத் தட்டை மறுபடி போட்டு, முன்னால் நிற்பவர்களை விட்டுவிட்டு அந்தத் தூரத்து ஆளை மட்டும் கேட்டேன். கேட்கக் கேட்க அப்பாவின் குரல் ஞாபகம் வந்தது.

அப்பாவுக்குத் தகரப் பட்டறையில் வேலை. முப்பது வருஷம் தகரத் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் உட்கார்ந்து சுத்தியல் அடித்ததில் காது போனது, குரல் வளர்ந்தது. "இவரு ரகசியம் சொன்னா நாலு தெருவுக்கு விடிஞ்சிடும்" என்பாள் அம்மா. பட்டமளிப்பு விழாவுக்கு மடிப்புக் கலையாத புதுச்சட்டையில் வந்து, வாசலிலேயே, "எம் பொண்ணு எங்க நிக்கணும்?" என்று காவலாளியிடம் கேட்டார். மொத்தக் கூட்டமும் திரும்பியது. ஜாஸ் பேசிய விடுதிக்காரிகளும் திரும்பினார்கள்.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய், "நீ கடைசி வரிசைல, கதவுகிட்ட உக்காருப்பா. எம் பேரக் கூப்பிடறப்ப கத்தித் தொலைக்காத" என்றேன். எங்கள் வீட்டின் முதல் பட்டத்துக்கு நான் அவரிடம் சொன்னது அவ்வளவுதான். தலையாட்டினார்.

அன்றிலிருந்து வீட்டிலும் தலையாட்டல்தான். வாய் திறந்தாலும் முணுமுணுப்பு. காது முழுசாகப் போய்விட்டது என்று அம்மா நினைக்கிறாள். நானும் அவளை அப்படியே நினைக்க விட்டுவிட்டேன்.

விழாவின் வீடியோ என் போனில் இருந்தது. அதே ஹெட்போனில் போட்டேன். என் பெயர் வருகிறது. கைதட்டல். யாரோ விசிலடிக்கிறார்கள். ஒரு குழந்தை அழுகிறது. கதவுப் பக்கம் என்ன இருக்கிறதென்று ஒலியைக் கடைசிவரை ஏற்றினேன். வெறும் இரைச்சல். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.

படிவத்தில் எழுதியதை அடித்தேன். அதையாவது அடிக்க முடிந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா பிடி கழன்ற பாத்திர மூடி ஒன்றுக்குக் கைப்பிடி வைத்துக்கொண்டிருந்தார். தட்டுகிற சத்தம் வெளியே போகாமல் அடியில் துணி விரித்திருந்தார். அதை இத்தனை நாள் நான் கவனித்ததே இல்லை. எதிரில் உட்கார்ந்து அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"அப்பா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. நீ முன்ன மாதிரி சத்தமாப் பேசு."

சுத்தியலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாராச்சும் வந்திருக்காங்களா?" என்றார் மெதுவாக.

"யாரும் இல்லப்பா. நாமதான்."

அடுப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தார். எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலையும் இழுத்து மூடினார். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார், அதையும் மெதுவாக.